மடிப்பில் வந்த விபூதி

12 மார்ச் 2001

தண்டபாணியிடமிருந்து கடிதம். பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதியில் அவர் முகவரியைப் பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. உடுமலைப்பேட்டையில் ஜவுளிக்கடை வேலை. முகம் பார்த்ததில்லை. திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குக் கடலைக் கண்டால் பயம் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அன்புக்கரசிக்குக் கடிதம் வந்தாலே இளக்காரம். "இன்னாய்யா, உன் தோஸ்து காயிதம் போட்டாரா? இன்னிக்கி சோறு வாணாமே உனுக்கு" என்றாள்.

கடைசி வரியில்தான் குண்டு. "மடிப்பில் நீங்கள் வைத்தனுப்பும் திருவொற்றியூர் விபூதியை அம்மா தினமும் பூசிக்கொள்கிறார். முட்டிவலி பாதி போய்விட்டது."

விபூதியா? நானா? வீட்டில் புத்தர் படத்தை மாட்டிவைத்து, கோயில் வாசலைக்கூட மிதிக்காத நானா?

13 மார்ச்

புரிந்துவிட்டது. நான் எழுதுவது மொட்டைமாடியில். பக்கத்து அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் எங்கள் துணிமணி, வடகம், தலைமுடி எல்லாவற்றின்மேலும் இறங்குகிறது. இன்லண்டு லெட்டரில் மட்டும் இறங்காதா?

உண்மையைச் சொல்லிவிடலாமா? தன் அம்மாவை ஒரு வருஷமாகக் கரிச்சாம்பல் பூசவைத்தவனுக்கு எந்த மகன் கடிதம் போடுவான்? இந்த ஒரு ஆளும் போய்விட்டால் நான் யாரிடம் மனசுவிட்டுப் பேசுவேன்? வேண்டாம் - கமுக்கமாக இருந்துவிடுகிறேன்.

18 மார்ச்

கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, கொசுவலைக்குள் உட்கார்ந்து எழுதினேன். வியர்வையில் பாதி எழுத்து கரைந்துவிட்டது. ஆனால் சுத்தமான கடிதம்.

29 மார்ச்

பதில். "இம்முறை பிரசாதம் இல்லையே, ஏதும் மனவருத்தமா? அம்மா மறுபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்."

கூட வேலை செய்யும் ஜஹாங்கீரிடம் சொன்னேன். சிரித்ததில் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். "பேஜாரு பண்ணாத மாமு. மாடில குந்திகினு எழுது. அந்தம்மா நல்லா இருக்கட்டும்."

மறுபடி மாடிக்கே போய் எழுதிவிட்டேன். புத்தி கெட்டவன்.

10 ஏப்ரல்

"வலி சுத்தமாகப் போய்விட்டது. இப்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் தொடங்கியிருக்கிறார்."

குடிக்கிறாங்களா? அதையா? ஐயோ, வயித்துக்கு எதுனா ஆச்சுன்னா?

மூன்றே வரி எழுதினேன். அது விபூதி இல்லை, நிலக்கரிச் சாம்பல், தயவுசெய்து அம்மாவைக் குடிக்கவிடாதீர்கள். தபால்பெட்டியில் போட்ட மறுகணமே, இன்னும் கொஞ்சம் பக்குவமாக எழுதியிருக்கலாமே என்று கையை உள்ளே விட்டேன். மாட்டிக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. அன்புக்கரசி ஓடிவந்து சோப்பு போட்டுக் கையை எடுத்தாள். "பொட்டில கை வுட்டுகினு நிக்கிற மூஞ்சியப் பாரு!"

22 ஏப்ரல்

கடிதம் இல்லை.

4 மே

இல்லை. என்னைப் பார்த்தாலே போஸ்ட்மேன் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறார். சோறு இறங்கவில்லை. நட்பு போனது போனதுதான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும்.

13 மே

காலையில் கதவைத் திறந்தால் தண்டபாணி! அம்மாவோடு!

பெயரைச் சொன்ன பிறகுதான் ஆள் தெரிந்தது. "வாங்க." "வந்தேனுங்க." அதோடு சரி. அவர் அம்மாதான் பேசினார். "குடிக்கறத அன்னைக்கே நிறுத்திட்டேனுங்க தம்பி. நீங்க மறச்சிருந்தா எனக்கு என்னங்க தெரியும்? அதான் நேர்ல ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்த அம்மாவும் அன்புக்கரசியும் சாயங்காலம்வரை வாய் ஓயவில்லை. தண்டபாணியும் நானும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிடும்போது நான் "இன்னும் கொஞ்சம்?" என்றேன், அவர் "போதுங்க" என்றார். ஒரு வருஷம் பக்கம் பக்கமாகப் பேசியவர்கள்!

கிளம்பும்போது என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்தார். "நேரில் பேச்சு வரவில்லை. கோபமில்லை. ஊருக்குப் போய் விவரமாக எழுதுகிறேன்."

18 மே

ஒன்பது பக்கம்! முதல் வரியே இப்படி: "நண்பரே, இனி நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். அன்று உங்கள் வீட்டுக் காரக்குழம்பை உப்பினால் வாயில் வைக்க முடியவில்லை."

"இன்னா எழுதிகீறாரு?" என்று அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் உன் கொயம்பப் பத்தித்தான்" என்றேன்.

"நல்ல மன்சன்யா" என்றாள்.