வெள்ளிக்கிழமை மட்டும் கேமராவைக் கொடு

என் செல்லத் தம்பி மோகனுக்கு,

உன் கருமாதி முடிந்து ஆட்களெல்லாம் போய்விட்டார்கள். உன்னோடு சண்டை போடத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவன், அதை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஒரு வாரமாக அப்பா சோற்றைத் தொடவில்லை, தம்பி. தேத்தண்ணீர் கொடுத்தால் இரண்டு மிடறு குடிப்பார், அவ்வளவுதான். உன் சாவுக்கு வர முடியாத நம் தங்கை சுதாவும் செத்துவிட்டாள், நாங்கள் மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

அவரை எப்படிக் குறை சொல்வது? மழையில் தெமோதரை வளைவில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிய அன்று, உன் சவப்பெட்டி வந்து சேரும்வரை தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் தங்கள் காலைத் தொட்டுச் சைகை காட்டினார்கள். கால்தான் முறிந்தது, வந்துவிடுவான் என்று. வயதானவர்களிடம் நாம் அப்படித்தானே சொல்வோம். பிறகு பெட்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கைகள் சொல்லும் எதையும் அவர் நம்புவதில்லை.

காது கேட்கிற மனிதர் என்றால் சுதாவின் குரலைக் கேட்டாவது ஆறியிருப்பார். பிறந்ததிலிருந்தே காதும் பேச்சும் இல்லாதவருக்கு நான் எதைக் கொடுப்பேன்? குவைத்தில் வேலை செய்யும் வீட்டிலிருந்து அவள் போனில் அழுதாள். "அக்கா, நான் உசிரோடதான் இருக்கேன்னு சொல்லுங்கக்கா." சொன்னேன். அவர் என் கைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மேரியக்கா தன் பெரிய போனைக் கொண்டுவந்தார். பேச்சுக்கு வருகிற சிக்னல் நம் லயத்தில் படத்துக்கு எங்கே வருகிறது? சுதாவின் முகம் வந்தது, வந்தபடியே அசையாமல் நின்றுவிட்டது. அப்பா சுவரில் மாலை போட்டிருக்கும் உன் படத்தைக் காட்டினார். பிறகு போனைக் காட்டினார். இரண்டும் ஒன்று என்றார். மேரியக்கா போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சமிருந்தது உன் கம்ப்யூட்டர். கூரையில் நீ நட்ட ஆன்டெனாவால் அதில் இணைப்பு நன்றாகவே வருகிறது. தினமும் காலையில் அப்பாதான் பட்டனை அமுக்கி அதைப் போடுகிறார். பழக்கம் என்று நினைத்திருந்தேன். சுதா வேலை செய்யும் வீட்டு மேடம் வெள்ளிக்கிழமைதான் வெளியே போவாராம், அவள் நிதானமாகப் பேச முடிவது அப்போதுதான். போன வெள்ளி கூப்பிட்டோம். அவள் திரையில் வந்தாள், அசைந்தாள். ஆனால் நம் கேமரா வேலை செய்யவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம் வெறும் இருட்டு.

அப்பா கையால் கேட்டார். மறுபடி கேட்டார். அவள் எதைப் பார்த்துப் பதில் சொல்வாள்? "அப்பா தெரியலக்கா, அப்பா தெரியல" என்று அழுதுகொண்டே இருந்தாள். இது பழைய வீடியோ என்று கையை உதறிவிட்டு எழுந்து போனவர்தான். அன்றிலிருந்து சோறு இல்லை.

நான் என்னதான் செய்யவில்லை? வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினேன். கண்ணாடியைச் சேலையால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். கடைசியில் பதுளையில் நீ வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில், நீ அண்ணன் முறையில் கூப்பிடும் ரிஸ்வான் நானாவைப் போனில் பிடித்தேன். "இந்த லினக்ஸ் மோகனுக்கு மட்டுந்தான் சரி. கொண்டு வாங்க தங்கச்சி, அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாறன்" என்றார். நீ வைத்ததை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அழுதிருப்பேன் போல. "சரி சரி, வெள்ளிக்கிழம நான் லைன்லயே நிக்கிறன்" என்றார்.

இன்றைக்குச் சொன்னபடி நின்றார். திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சொன்னார், தட்டினேன். கேமராவின் பெயர் திரையில் வந்தது. அப்படியென்றால் வயரும் சரி, கேமராவும் சரி. அடுத்த வரியைத் தட்டினால் 'பிஸி' என்று வந்தது.

"வேற ஏதோ புரோகிராம் கேமராவப் புடிச்சிட்டு ஈக்கி. யாரு என்டு பாப்பம்" என்றார் நானா, 'இருக்கு' என்பதைத் தன் வழக்கப்படி 'ஈக்கி' என்று.

வந்த பெயரை வாசித்தேன். நானா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"தங்கச்சி, அது மோகன் போட்டது. நீங்க கொழுந்து பறிக்கப் போனா அப்பா தனியாத்தானே. அவர் அசஞ்சா படம் எடுத்து மோகன்ட போனுக்கு அனுப்பும். கடையில ஈக்கக்குள்ள அதத்தான் பாத்துட்டு ஈப்பான்."

ஒரே கேமராவை இரண்டு புரோகிராம் ஒன்றாகப் பிடிக்க முடியாதாம். நாங்கள் சுதாவைக் கூப்பிடும்போதெல்லாம் நீ அதை நிறுத்தி, பிறகு போட்டிருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லையே, கள்ளா.

படங்கள் சேர்ந்திருந்த இடத்தைத் திறந்தேன். நீ போன பிறகு எடுத்த படங்களில் எல்லாம் அப்பா கேமராவுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினால் அவர் பேசுவது புரிகிறது. காது மடலை இழுக்கிறார். அது உன் பெயர். மூக்கைத் தொடுகிறார், மூக்குத்தி போட்ட சுதா. பிறகு இரண்டு கைகளையும் விரிக்கிறார். மோகன், சுதா உன்னிடம் வந்துவிட்டாளா? ஒவ்வொரு நாளும் உன்னிடம் இதைத்தான் கேட்டிருக்கிறார்.

"நேரம் போகுது தங்கச்சி. நிப்பாட்டுவமா?" என்றார் நானா. நீ செய்துகொண்டிருக்கும் கடைசி வேலை இது. இதை நான் எப்படி நிறுத்துவேன்?

அப்பா என் பின்னால் நின்றார். காது மடலை இழுத்துக் காட்டி, அவனைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள், சுதா வர வேண்டும் என்றேன். என்னையே பார்த்தார். பிறகு கேமராவிடம் திரும்பினார். தன் காதை இழுத்தார், பஸ் சீட்டில் இடம் கேட்பதுபோல் கையை அசைத்தார். நிறுத்தும் வரியைத் தட்டினேன். கேமராவின் சின்ன விளக்கு அணைந்தது. அழைப்பு போனதும் மறுபடி எரிந்தது.

சுதா வந்தாள். அப்பா அவளை நம்பவில்லை. தலையில் கை வைக்கச் சொன்னார், வைத்தாள். காதைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தாள். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணீர் வழிய வழிய நாக்கை நீட்டினாள், தம்பி. அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டீர்களா என்று அவள் கையால் கேட்டாள். அவர் என்னிடம் திரும்பி விரல்களை வாயருகே குவித்தார். சட்டியிலிருந்த சோற்றை அப்படியே கொண்டுவந்து வைத்தேன்.

அழைப்பு முடிந்ததும் அவர் கேமராவைக் காட்டித் தன் காதை இழுத்தார். உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நானா சொல்லித்தந்த வரியைத் தட்டினேன். அந்தப் படங்கள் வந்து சேரும் போன் உன்னோடு நொறுங்கிப்போனது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்தக் கடிதம் மட்டும் எங்கே வந்து சேரப்போகிறது?

நிறுத்தவும் போடவும் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சுதா வரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கேமராவை எங்களுக்குக் கொடு. முடிந்த கையோடு உன்னிடமே திருப்பித் தந்துவிடுவேன், சத்தியம்.

உன்னோடு சேர்ந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்
உன் அக்கா