மாஸ்க்குக்கு வழிவிட்ட மீசை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். என் வயிறு மட்டும் வழக்கம்போல நலத்துக்கு ஒரு படி மேலே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எங்களைப் போலவே இருக்க வேண்டும், வயிறு நீங்கலாக.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன் அல்லவா, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது என் முகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், பாதியில் அழுவாய், நடுவில் நான் கதையை எங்கே விட்டேன் என்று மறந்துபோவேன். அதற்கு முந்தைய வாரம் நீ சொன்னாயே, "மண்ணு சரியாகிற வரைக்கும் புள்ளையைத் தூக்கிட்டு அந்தத் தெருவுக்கு வரமாட்டேன்பா" என்று, அதில் தப்பே இல்லை. பேட்டரி ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்து மண்ணில் ஈயம் ஊறிக் கிடக்கிறது என்று பரிசோதித்துச் சொன்ன அன்று உன் அம்மா சாப்பிடவே இல்லை. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன், வீட்டில் ஒருவராவது தெம்பாக இருக்க வேண்டுமே. ஆனால் பேத்தியை இன்னும் போனில் மட்டுமே பார்த்த தாத்தா நான். வழுவழுப்பான கண்ணாடியைத் தடவிக் கொஞ்சி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலைக்கு இந்தத் தெருக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் போய்ப் பெயரைக் கொடுத்தேன். ஃபேக்டரியை மூடி, நான் ஓட்டிய வேனும் நின்றுபோன நாளிலிருந்து எனக்கு உன் அம்மாவின் குழம்புக்கு உப்புப் பார்க்கும் உத்தியோகம்தான். அதிலும் அடிக்கடி வேலைநீக்கம்.

வகுப்பு எங்கே நடக்கிறது தெரியுமா, ஃபேக்டரி கேன்டீனில். அதே நீளப் பெஞ்சுகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் வேன் திரும்பும்வரை நீ ஜன்னலோரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த இடத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வழியே மைதானம் தெரியும். அங்கேதான் டப்பா மூடியில் மண்ணைக் குழைத்துச் சமையல் செய்து எனக்குப் பரிமாறுவாய், நானும் ஏப்பம் விட்டுக் காட்டுவேன். பிறகு என் தோளில் ஏறி, என் மீசையின் இரண்டு முனைகளையும் கடிவாளம்போலப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவாய். இடது பக்கம் இழுத்தால் மிட்டாய்க் கடை, வலது பக்கம் இழுத்தால் வீடு. என் இடது மீசை கொஞ்சம் நீளமாக இருந்ததற்குக் காரணம் இப்போதாவது புரிகிறதா? வகுப்பில் பாடம் நடக்கும்போது நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் பாதிப் பாடம் காதில் ஏறவில்லை. மீதிப் பாதியை எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்லிக்கொடுத்தாள். அவள்தான் வகுப்பில் முதல். அந்தப் பெருமையில் இப்போது ரவிக்கை தைக்கக் கொடுத்தால் பத்து நாள் இழுத்தடிக்கிறாளாம், உன் அம்மா புலம்புகிறாள்.

பாடம் எடுப்பது யார் என்று சொன்னால் நம்பமாட்டாய். உன்னோடு படித்தாளே, ஒல்லியாக, எப்போதும் உன் பென்சிலையே கடன் வாங்கிக் கடித்துத் திருப்பித் தருவாளே, அந்தப் பென்சில்தான். இப்போது மண் பரிசோதனையில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறாள். இன்னமும் எதையோ கடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கடைசிப் பரீட்சை, மண் தூசி மூக்கில் ஏறாமல் இருக்கப் போடும் மாஸ்க்குக்கு. முகத்தில் அது இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறதா என்று பார்க்க, தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே இனிப்பு மருந்தைப் புகைபோல அடிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் காற்று கசிகிறது, ஃபெயில். தெரியாவிட்டால் பாஸ். ஃபெயிலானால் மண் பக்கமே விடமாட்டார்கள். பென்சில் முதலிலேயே சொன்னாள், "மாமா, மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாது" என்று. நான் கேட்டால்தானே. பையைக் கவிழ்த்து ஒரு அடி அடித்தாள். அடடா, உன் அம்மா சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்து எத்தனை வருஷம் ஆகிறது, என் நாக்குக்குத் தீபாவளியே வந்துவிட்டது. ஏதாவது தெரியுதா என்று கேட்டாள். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலைம்மா, எதுக்கும் இன்னும் ரெண்டு தடவை அடிச்சுப் பாரேன்" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. தையல்காரம்மா பெஞ்சிலிருந்து விழாத குறை.

பென்சில் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாமா, இன்னிக்கு உள்ள வந்தது இனிப்பு, அதனால உங்களுக்குத் தெரிஞ்சுது. ஈயத் தூசிக்கு ருசியே கிடையாது. நானும் உங்க பொண்ணும் அங்கதானே விளையாடினோம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்றாள். ஜன்னல் வழியே நீ சமையல் செய்த மூலையைப் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று மீசையை எடுத்துவிட்டேன். உன் அம்மா துண்டோடு வாசற்படியில் நின்றாள். கேலி செய்வாள் என்று தயாராக இருந்தேன். அவள் கிட்டே வந்து என் மேலுதட்டைப் பார்த்துவிட்டு, "இவ இத்தனை வருஷமா இங்கதான் ஒளிஞ்சிருந்தாளா?" என்று கேட்டாள். உண்மைதான் கண்ணே, அந்த மேடும் பள்ளமும் அப்படியே உன்னுடையது. அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், குழம்புக்கு உப்பும் அவளே பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை எவ்வளவு அடித்தும் இனிப்புத் தெரியவில்லை. பாஸானதில் சந்தோஷம், நாக்குக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். நீ சமையல் செய்த மூலையையே எனக்குக் கொடு என்று பென்சிலிடம் கேட்டு வாங்கிவிட்டேன். மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிவிட்டு, நல்ல மண்ணைக் கொட்டி, திரும்பப் பரிசோதிப்பார்கள். பென்சில் சரி என்று சொன்ன பிறகு எழுதுகிறேன், அப்போது வந்தால் போதும். அம்மாவைப் பார்க்கிற அவசரத்தில் அதற்கு முன்னால் டிக்கெட் எடுத்துவிடாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வயிறார மூச்சு விட்டு, நீண்ட நாள் வாழ வேண்டும். இந்த ஞாயிறு கேமராவைப் போடுவேன், யாரோ என்று நினைத்து போனை வைத்துவிடாதே. மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவை. வேலை முடிந்த அன்றே மீசையைத் திரும்ப விட ஆரம்பித்துவிடுவேன், நீங்கள் வருவதற்குள் வளர்ந்துவிடும். தோளில் உட்காருகிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

இப்படிக்கு,
தற்சமயம் காற்றுப் புகாத,
உன் அப்பா