ஒன்பதரைக்குக் காத்திருக்கும் வண்டிகள்

ஜூலை 7, 1975. திங்கள்

விடிகாலையில் சுமத்ராக் காற்று, கொட்டு மழை. ஏழுக்குள் நின்றுவிட்டது. காலணி நாள் முழுக்க ஈரம். வலது குதிகாலில் கொப்புளம்.

புது வேலை. சிராங்கூன் சாலை முடியும் இடத்தில், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும். பாலம் தாண்டினால் நகர எல்லை. ஏழரை முதல் ஒன்பதரை வரை உள்ளே போகும் காருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். நாலு பேர் இருந்தால் வேண்டாம். போன மாதம் வந்த விதி. இப்போது பலர் சீட்டும் வாங்காமல் ஆளும் ஏற்றாமல், ஓரமாக நிறுத்தி ஒன்பதரை ஆனதும் புகுகிறார்கள். அப்படிக் காத்திருக்கும் வண்டிகளை எண்ணவேண்டும். எஞ்சின் ஓடுகிறதா என்பதற்குத் தனிக் கட்டம். நான் இந்தப் பக்கம், என்னோடு எண்ணும் சியூ லான் எதிர்ப்பக்கம். இருவரும் எல்லாவற்றையும் எண்ணி, பிறகு ஒத்துப் பார்க்கவேண்டும்.

அம்மா: "பட்டம் வாங்குனது ரோட்டுல நிக்கவா? வெயில்ல கறுத்துப் போனா எவன் வருவான்?"

இந்த விதி எனக்குப் பிடிக்கும். விதி வந்த முதல் நாள் பாலத்தில் நின்று வெறும் சாலையைப் பார்த்தேன். பூக்கடை மல்லிகை வாசனை எதிர்ப்பக்கம்வரை வந்தது. அதற்கு முன் அங்கே புகைதான். கண் கலங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

9.05. பால்நிறப் பெஜோ. அப்பா ஓட்டும் வண்டி. பத்தொன்பது வருடம். முதலாளி இறங்கி டீக்கடைக்குப் போனார். நாகூர்க்காரர், உள்ளே சூலியா தெருவில் துணிக்கடை. அப்பா நேற்றே சொல்லிவிட்டார்:

"காசுக்காக இல்லம்மா, வீம்பு. நாப்பது வருசமா போற ரோட்டுக்கு என்ன சீட்டுங்கறாரு. வழியில ரெண்டு பேர ஏத்திக்கலாமான்னு கேட்டேன். 'என் வண்டி என்ன பஸ்ஸா அந்தோணி?'ன்னுட்டாரு. நீ என்னைப் பாத்தாலும் பாக்காத மாதிரி இரு. நம்ம டிரைவர் மக நம்மளையே எண்ணுறான்னு தெரிஞ்சா அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும்."

பார்க்காத மாதிரி இருந்தேன். அப்பா எஞ்சினை அணைத்தார். துணியால் பக்கக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். மூன்றாவது முறை மெதுவாக, என் பக்கம் திருப்பி. அதுதான் வணக்கம்.

நின்றவை 28. எழுதியது 27.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். குடை மறக்கவில்லை. கொப்புளத்துக்கு மஞ்சள்.

அப்பாவின் வண்டி அதே இடம். கண்ணாடி, மூன்று முறை. நான் தலை நிமிரவில்லை.

பட்டம் வாங்கியபோது முதலாளி அப்பாவிடம் கொடுத்தனுப்பிய பேனாவால்தான் கோடு போடுகிறேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. அந்த வண்டிக்கு மட்டும் கை போகவில்லை. ஒரு கோடுதானே. ஒரு வண்டியால் எந்தக் கொள்கையும் மாறாது.

அப்படியென்றால் எதற்கு விடவேண்டும்?

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியவை: தலைவலித் தைலம், தம்பிக்கு வெள்ளைக் காலுறை, பாலிதீன் உறை (தாள் நனைகிறது).

மாலை அலுவலகத்தில் மேலதிகாரி திரு. டான் இருவர் தாளையும் பக்கத்தில் வைத்தார். நாலு நாளும் சியூ லானின் கணக்கு ஒன்று கூடுதல்.

"கை தவறினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எப்போதும் ஒன்றே எப்படி?" பிறகு சியூ லானைப் பார்த்து: "ரீட்டா பட்டதாரி. நீ ஏதோ ஒன்றை இரண்டு தடவை எண்ணுகிறாய். இப்படியே போனால் அடுத்த மாதம் உனக்கு வேலை தர முடியாது."

சியூ லான் நாள்கூலி. நாலாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்றும் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதியாக வேண்டும்: நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவளே வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். "கிரீம் கலர் பெஜோ லா. நீ அதை மட்டும் பார்க்கவே மாட்டாய். அந்தக் கிழவர் உனக்காகவே கண்ணாடி துடைக்கிறார். உன் அப்பா, இல்லையா?"

தலையாட்டினேன்.

"அய்யோ," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. உப்புப் போட்ட பிளம் பழம் ஒன்று தந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

திரு. டானின் அறை வாசலில் கால் மணி நேரம். உள்ளே போய், "தவறு என்னுடையது. சியூ லான் சரி," என்றேன். காரணம் கேட்டார். "மரத்தடியில் மறைந்திருந்தது," என்றேன். அங்கே மரமே இல்லை. அவருக்கு அது தெரியாது.

என் நாலு தாளையும் திருத்தினேன். ஒவ்வொன்றிலும் கடைசியாக ஒரு கோடு. பேனா நன்றாக எழுதியது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். புழுக்கம். மின்விசிறி ஓடியும் காற்றில்லை. அப்பா பின்வரிசையில் தூங்கிவிட்டார். அம்மா முழங்கையால் ஓர் இடி.

வீட்டில் மீன் குழம்பு. அப்பா முதலாளியைப் போலப் பேசிக் காட்டினார்: "'அந்தோணி, மணி ஒம்போது இருவத்தொம்போது. ஸ்டார்ட் பண்ணு. பிஸ்மில்லா!'" தம்பிக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். என் மீன் துண்டைத் தம்பி தட்டில் வைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒன்பதரை அல்ல, பத்தேகால்.

காத்திருப்போர் பற்றிய கணக்கும் உதவியதாகத் திரு. டான் சொன்னார். எல்லோருக்கும் கறி பஃப். எஞ்சின் ஓட்டிக்கொண்டு நிற்கும் வண்டிகள் குறையும், எண்ணெய் மிச்சம், காற்று சுத்தம். எல்லாம் உண்மை. அறிக்கையில் நானே எழுதிய வரிகள் இருந்தன. பஃப்பைக் கைக்குட்டையில் சுற்றித் தம்பிக்குக் கொண்டுவந்தேன்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஓரத்தில் வண்டிகள் மிகக் குறைவு. பெஜோ வரவில்லை. மல்லிகை வாசனை வந்தது.

மாலை அப்பா நேரத்தோடு வீட்டில். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"முதலாளி இனிமே கடைக்குப் போகலையாம். பத்தேகால் வரைக்கும் டீக்கடையில உக்காந்தா மரியாதையா இருக்குமான்னாரு. கடைய மகன் பாத்துக்குவானாம், அவனே ஓட்டிக்குவானாம். என்னை வெள்ளிக்கெழம மட்டும் வரச் சொன்னாரு, பள்ளிவாசலுக்கு."

அம்மா: "மத்த ஆறு நாளு?"

"மத்த ஆறு நாளு நான் முதலாளி."

யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா பால்கனியில் என் காலணியைப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நின்னுக்கிட்டிருந்த வண்டியெல்லாம் எண்ணித்தான் நேரத்தை நீட்டுனாங்களாம்மா?"

"ஆமாப்பா."

"எங்க வண்டியையும் சேத்தா?"

நாலு நாள் விட்டதைச் சொல்லலாம். திருத்தியதையும் சொல்லவேண்டிவரும்.

"ஆமாப்பா."

"ம்." காலணியைத் திருப்பிப் பார்த்தார். "குதிகால் தேஞ்சிருக்கு. மாத்திரு."

ஆகஸ்ட் 7, வியாழன்

தலைவலி. பஸ் ஓட்டும் வேலைக்கு அப்பா போய்க் கேட்டார். வயது தாண்டிவிட்டதாம். துறைமுகக் கிடங்கில் காவலாள் வேலை இருக்கலாம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள்.

பேனாவில் மை தீர்ந்தது. நிரப்பவில்லை. பென்சில்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை இல்லை. மூட்டம்.

இனி பஸ் கணக்கு. காரை விட்டவர்கள் பஸ்ஸுக்கு வருகிறார்களா என்று பார்க்க. எனக்குத் தோ பாயோ நிறுத்தம், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே. ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு.

8.10க்கு அப்பா வந்தார். வெள்ளை டிரைவர் சட்டை, தேய்த்தது. வருவதாக என்னிடம் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு வேலை கேட்கப் போகிறார் போல.

வரிசையில் நின்றார். என்னைப் பார்க்காத மாதிரியே. இப்போது அதற்குத் தேவை இல்லை.

பஸ் வந்தது. எந்தக் கதவில் ஏறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இறங்குகிறவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடப் பெண், "அங்கிள், முன்னால," என்றாள். "சாரிம்மா, சாரி," என்றார். நான் கணக்குத் தாள் செருகிய பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். அழுக்கு வெளிப்பக்கம். மறுபடி துடைத்தார். மூன்றாவது முறை, மெதுவாக.

இந்த முறை நிமிர்ந்து பார்த்தேன்.

பஸ் போன பிறகு கோடு போட்டேன்.