நெத்திலிக்குக் கட்டிய வீடு

திருவொற்றியூர்,
வியாழக்கிழமை மதியம்.

அன்பு மருமகன் ஜெகதீசனுக்கு,

உன் மாமா எத்திராஜ் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பித்து, பேனாவை நிறுத்திக்கொண்டேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அடுத்தவன் வாயால் நீ கேட்பதற்கு முன்னால். ஐம்பத்து மூன்று வயதில், ஊர்ப் பஞ்சாயத்தில் ஐந்து பேரில் ஒருவனாக, சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்த நான், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எலியிடம் கடிபட்டு யம்மா என்று அலறிவிட்டேன். மீன் ஏலம் போடும் இடத்தில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்றது என்று கிருஷ்ணப்பன் சொல்லித் திரிகிறான். ஊசி போட்ட நர்ஸ், தெரு எலியா வீட்டு எலியா என்று கேட்டாள். வழக்கில் வந்த எலி என்றேன். அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு எலி நாட்டாமை என்று பெயர்.

வாட்ஸப்பில் பேசி அனுப்பலாமே என்பாய். உன் படகில் இருக்கும் ஆறு பேரில் நாலு பேர் நம் குப்பம்; அதில் ஒருவன் நம் மாப்பிள்ளை நிதிஷின் சித்தப்பா மகன். நீ போனைக் காதில் வைப்பதற்குள் அவன் பதில் அனுப்பிவிடுவான். அதனால்தான் காகிதம். லீவு முடிந்து அங்கே திரும்பும் தேவப்பிரியம் சனிக்கிழமை விமானம் ஏறுகிறான். கருவாட்டுப் பொட்டலத்துக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். அந்த நாற்றத்தைத் தாண்டி யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள்.

போன வருடம் கல்யாண நாளுக்கு நிதிஷ் உன் தங்கச்சிக்கு இரண்டு ஜெர்பில் வாங்கிக் கொடுத்தானே, ஞாபகம் இருக்கிறதா? எலி இல்லை சார், பாலைவனத்துப் பிராணி என்று கடைக்காரன் விலையை ஏற்றினானாம். ஜோடி என்று சொல்லித்தான் விற்றான். மாதக்கணக்கில் குட்டி போடாததால் இரண்டும் ஆண் என்று நாமே தெரிந்துகொண்டோம். ஜெயஸ்ரீ அவற்றுக்கு நெத்திலி, சுறா என்று பெயர் வைத்தாள். சுறாதான் பொடிசு.

மே மாதம் அவள் ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் எலிக்கூண்டுமாக வந்து நின்றாள். அக்கா போன பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் தாய்வீடு என் வீடுதானே. உன்னிடம் அவளுக்குக் காதில் சீழ் என்று சொன்னேன். சீழ் இல்லை, அவன் அடித்த அடி. இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் இப்போதும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. நீ கடலில் இருக்கிறாய், கேட்டு என்ன செய்வாய் என்று நான்தான் பொய் சொன்னேன். அத்தையைத் திட்டாதே.

பஞ்சாயத்து கூடியது. எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீனைப் பிரித்தே பழகிய ஐந்து பேர் ஒரு குடும்பத்தைப் பிரிக்க உட்கார்ந்தோம். கட்டில் அவனுக்கு, பீரோ அவளுக்கு. மிக்ஸி அவனுக்கு, மூன்று ஜாரும் அவளுக்கு. இந்த மகத்தான யோசனை என்னுடையது. கடைசியில் எலி. அது நாள்வரை ஒரு கடலை போட்டறியாத நிதிஷ், எனக்கும் ஒன்று வேண்டும் என்றான். ஆளுக்கு ஒன்று என்று நான்தான் தீர்ப்பு சொன்னேன். பிரிப்பதற்காகக் கூண்டில் கைவிட்டேன். நெத்திலி என் கட்டைவிரலில் தன் தீர்ப்பைச் சொன்னது.

நெத்திலிக்கு ஒரு நல்ல வீடு வேண்டும் என்று ஜெயஸ்ரீ கேட்டாள். அவள் என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. படகுக்கு ஐஸ் பெட்டி செய்தவனுக்கு எலி வீடு ஒரு வேலையா என்று மார்தட்டினேன். மீன் கிரேட் ஒன்றைக் கழுவி வைத்தேன். இரண்டே நாளில் பிளாஸ்டிக்கைக் கொறித்து வெளியே வந்து உன் அத்தையின் புடவையில் குடியேறியது. தெர்மாகோல் பெட்டியைத் தின்றே தீர்த்தது. கிளிக்கூண்டில் விட்டால் கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கில் ரத்தம். கடைசியில் கிருஷ்ணப்பன் வீட்டுப் பரணிலிருந்த பழைய மீன் தொட்டி கிடைத்தது. அடியில் ஒரு முழத்துக்கு மரச்சீவலும் காய்ந்த புல்லும். அதுபாட்டுக்குச் சுரங்கம் தோண்டும். உள்ளே ஆணி, பசை எதுவும் இல்லாமல் முளை அடித்துச் சேர்த்த ஒரு மர வீடு. இரண்டு வாசல் வைத்தேன். துரத்தினால் தப்பிக்க இரண்டு வழி வேண்டுமாம், உன் மாமன் மகள் சினேகா போனில் பார்த்துச் சொன்னாள். கடல் மணல் ஈரம் என்று ஆற்று மணலை வறுத்து ஒரு சட்டியில் வைத்தேன், அது புரண்டு குளிக்க. நம் குப்பத்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்து எந்த மனுஷனுக்கும் யாரும் வீடு கட்டியதில்லை. ஜெயஸ்ரீ தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வலது காதைக் கண்ணாடியில் வைத்து அது தோண்டும் சத்தத்தைக் கேட்பாள்.

ஆகஸ்டில் நிதிஷ் ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். பஞ்சாயத்து அரை மணி நேரத்தில் முடிந்தது. ஜாங்கிரி நன்றாக இருந்தது, நான் மூன்று தின்றேன். சேர்ந்து வாழட்டும் என்று முதலில் சொன்னதும் நான்தான். ஜெயஸ்ரீயை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

அப்போது சினேகா குறுக்கே பேசினாள். பிரித்து வைத்த ஜெர்பில்களைத் திரும்ப ஒன்றாக விட்டால் வாசனை மறந்து ஒன்றையொன்று கொன்றுவிடும்; தொட்டிக்கு நடுவில் கம்பி வலை கட்டி, பத்து நாளாவது தினம் இடம் மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும் என்றாள். ஐந்து பெரிய மனிதர்களும் இதை ரொம்ப அக்கறையாகக் கேட்டோம். எந்த வலை, எத்தனை கண் என்று விவாதித்தோம். வாசலில் நின்ற உன் அத்தை கோவிந்தம்மா சொன்னாள்:

"எலிக்குப் பத்து நாளு தட்டி வச்சுப் பாக்குறீங்கோ. பொண்ணை மட்டும் இன்னிக்கே இட்டுக்கினு போவச் சொல்றீங்கோ. இன்னா பஞ்சாயத்து இது?"

நிதிஷ் சிரித்தான். "எங்க ரெண்டு பேருக்கு நடுவுல வலை கிலை கட்டிடாத மாமு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் யார் என்று நீ கேட்க வேண்டியதில்லை.

தொட்டியைக் கொருக்குப்பேட்டையில் அவன் வீட்டுக்கு நானே ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். நடுவில் இரும்பு வலை, நாலு பக்கமும் முறுக்கிய கம்பி. சுறாவைக் கொண்டுவந்தான். வால் இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கினானாம், தோல் உறைபோலக் கழன்று வந்துவிட்டதாம், அப்புறம் மிச்சம் காய்ந்து விழுந்துவிட்டதாம்; சட்டைப் பொத்தான் அறுந்த கதைபோலச் சொன்னான். நானும் ஏதோ கருவாட்டு ஜோக் சொன்னேன். ஜெயஸ்ரீ தொட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலையில் நிதிஷிடமிருந்து போன். என் வலை லூசாம், சுறா உள்ளே புகுந்து நெத்திலியைக் கடித்துப் போட்டுவிட்டதாம். ஓடினேன். வலை ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு நின்றது. என் கையால் முறுக்கிய கம்பி, வயசாகிவிட்டது, பிடி தளர்ந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஜெயஸ்ரீ இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த நைட்டி போட்டிருந்தாள். என்னம்மா ஆச்சு என்றேன். தண்ணி குடிக்கிறியா மாமா என்றாள். மறுபடியும் கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்தாள். நிதிஷ் என் முதுகில் தட்டி, விடு மாமு, ஒரு எலிதானே என்றான்.

குப்பத்தில் கதையை நான்தான் பரப்பினேன். எலி நாட்டாமை கட்டிய வலை எட்டு நாள் தாங்கவில்லை என்று நானே சொல்லிச் சிரிக்க வைத்தேன். டீக்கடையில் இரண்டு நாள் அதே பேச்சு. நான் வாய் திறந்தால் ஊரே சிரிக்கிறது, மருமகனே. அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது வேறு ஏதாவது சொன்னால் யார் நம்புவார்கள்? பஞ்சாயத்தைத் திரும்பக் கூட்டுங்கள் என்றேன். செத்த எலிக்கா என்று கேட்டார்கள்.

நேற்று அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். என்னோடு வந்துவிடு என்றேன். வந்தால் மறுபடி நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து திருப்பி அனுப்புவீர்கள், அண்ணன் வந்து நின்று கூப்பிட்டால் மட்டும் வருகிறேன் என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அதனால் நீ வா. அரபி முதலாளியிடம் எலி செத்ததென்று லீவு கேட்காதே, கொடுக்க மாட்டான். மாமா சாகக் கிடக்கிறார் என்று சொல். வேண்டுமானால் பாய் விரித்துப் படுத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நடிப்பு எனக்குப் புதிதில்லை. ஒப்பந்தம், பாஸ்போர்ட் என்று அவன் இழுத்தால் காலில் விழு. இந்த மாதம் முடிவதற்குள் வா. வந்ததும் என்னை நாலு அறை அறையலாம் என்று தோன்றினால் அறை, ஆனால் முதலில் கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டு அப்புறம் அறை.

காற்று உன் பக்கம் இருக்கட்டும். கை கால் சுகத்தோடு சீக்கிரம் கரை ஏறு, என் கண்ணே.

இப்படிக்கு,
உன் மாமா,
எத்திராஜ்.

பி.கு.: நெத்திலியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து புதைத்தேன். அதற்கு முன் அதைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் ஒரு பல் தடம்கூட இல்லை.