ஹேங் அப் என்றால் போனை வைப்பது

தாராவி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு, ஜுவைரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் சைனபும் மாமியும் நலம். நீங்கள் மஸ்கட்டில் நலம் என்பது மாமி சொல்லித்தான் தெரிகிறது. என் போனைத்தான் நீங்கள் எடுப்பதில்லையே.

உங்கள் தம்பி ஆஷிக் இன்று சாயங்காலம் அங்கே புறப்படுகிறார். அவரிடம் கொடுத்துவிட மாமி ஊறுகாய் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் போனைப் பார்க்கத் தோன்றுகிறது. இருப்புக் கொள்ளவில்லை.

தாணேயில் கஸ்டமர் கேர் வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று சொன்ன அன்று போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு மாமியோடு மட்டும் பேச்சு. இங்கிலீஷ் வகுப்பில் வெங்கடேஷ் சார், ஹேங் அப் என்றால் போனை வைப்பது என்று சொல்லி உதாரணம் கேட்டார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. கோல்டு ஷோல்டர் என்றால் முகம் கொடுக்காமல் இருப்பதாம். அதற்கும் நீங்கள்தான். உங்கள் புண்ணியத்தில் பாடம் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. ஒவ்வொரு பதிலிலும் ஒரு இடியம், அதாவது இந்த மாதிரி மரபுத்தொடர், போட்டால்தான் இங்கிலீஷ் தெரிந்தவள் என்று மதிப்பார்கள் என்று வகுப்பில் எல்லாருக்கும் நினைப்பு. நானும் அள்ளிப் போட்டேன். எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு, ரயில் ஏறியது பீஸ் ஆஃப் கேக், வெகு சுலபம் என்றேன். சயான் ஸ்டேஷன் கூட்டத்தில் துப்பட்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஏறியது எனக்குத்தான் தெரியும். உன் ஆசை என்ன என்றதற்கு, ஸ்கை இஸ் த லிமிட், எல்லையே கிடையாது என்றேன். கேள்வி கேட்ட வந்தனா மேடம் சிரித்துவிட்டு, நேராகப் பேசும்மா என்பதை ஹிந்தியில், "அரே, சீதா போலோ நா" என்று சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

பிறகு அவரே கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் கத்தினார். உங்களோடு குடித்தனம் செய்தவளுக்கு அது பெரிதா? ஆனால் படித்த இடியம் ஒன்றும் நாக்கில் வரவில்லை. "சார், ஐ ஆம் ஹியர். ப்ளீஸ், டோன்ட் ஹேங் அப்" என்று மட்டும் சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது. அவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

மாமி முதலில் முறுக்கிக்கொண்டார். இப்போது, "பிள்ளைய ஸ்கூல்லருந்து நான் கூட்டியாரேன், நீ போய்ட்டு வாளா" என்கிறார். உங்களிடம் அதைச் சொல்லத்தான் அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் நான் வேலைக்குப் போவேன், மச்சான். உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகத்தான் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூப்பிடுவேன். எடுங்கள். திட்டுவதானால் ஆசை தீரத் திட்டுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஜுவைரியா