லண்டன் பஸ்ஸும் ஆரையம்பதிப் பஸ்ஸும்

காலையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது உன் லண்டன் பஸ் அட்டை மடியில் விழுந்தது. "இஞ்ச இது ஒண்டுக்கும் உதவாது, பக்கத்துக்கு அடையாளம் வை" என்று நீ தந்தது. நீ கண்ணை மூடிய பிறகு எனக்குப் பெரிய குறை, சண்டை பிடிக்க ஒரு சிநேகிதி இல்லாததுதான்.

லண்டனில் மகளிடம் போய் இருந்துவிட்டு வந்த நாள் முதல் உனக்கு ஊர்களை அளக்கப் பஸ்தான் அளவுகோல். கொழும்பில் ஒரு கால் தரையில் இருக்கும்போதே பஸ் கிளம்பிவிடும். லண்டனில் அது நடைபாதையோடு ஒட்டி நின்று, ஏறுகிறவர் பக்கம் சரிந்தும் கொடுக்கும். அடுத்த தரிப்பிடத்தின் பெயரையும் சொல்லும். நம் பஸ்ஸில் சினிமாப் பாட்டு மட்டும்தான் கேட்கும் என்பாய். நான் விடுவேனா?

"லண்டன்ல பக்கத்துல இருந்தவன் உன்னோட ஒரு வார்த்தை கதைச்சானா? இஞ்ச கொண்டக்டர் பொடியன் அம்மா எண்டு உன்னத் தூக்கியெல்லோ ஏத்துறான்!"

அப்படி ஏற்றிய ஒரு நாள் எனக்கு மறக்கவில்லை. நம் ஆரையம்பதிச் சந்தியில் பஸ் வழக்கம்போல நடுவீதியில் நின்றது. படியோ உன் முழங்கால் உயரம். கொண்டக்டர் கையைப் பிடித்து இழுக்க, நான் பின்னால் நின்று தள்ள, நெல்மூட்டை ஏற்றுவது போல உன்னை ஏற்றினோம். உள்ளே இருவர் எழுந்து இடம் தந்தார்கள். நம் சனங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. நீ சேலையைச் சரிசெய்துகொண்டாய். வழியில் கல்லடிப் பாலத்தில்தான் சொன்னாய்.

"அவன் நல்ல பொடியன், குறை சொல்லல்ல. ஆனா லண்டன்ல நான் தனியத்தான் ஏறினன், தனியத்தான் இறங்கினன். ஒருத்தரும் என்னப் பாக்கல்ல. அது எனக்குப் புடிச்சிருந்திச்சுகா."

அதன் பிறகு டவுனுக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாய். சந்தைக்கும் இல்லை, கல்யாண வீடுகளுக்கும் இல்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாய். வலியைவிட, ஆட்கள் பார்க்க உன்னைத் தூக்குவதுதான் உனக்குத் தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். வாய் ஓயாத நீ வீட்டோடு முடங்கியது எனக்கு ஆறாத கவலை.

போன கிழமை அதே சந்தியில் நம் வயதுப் பெண் ஒருவர் ஊன்றுகோலுடன் நின்றார். பஸ் நடுவீதியில் நிற்க, கொண்டக்டர் குதித்திறங்கிக் கையை நீட்டினான். என் கையும் அவருடைய முதுகுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"தம்பி, பஸ்ஸ நடைபாதைக் கட்டோட ஒட்டி எடுக்கச் சொல்லுங்க. அவ தானே ஏறுவா."

"அவடத்த தண்ணி நிக்குது அம்மா."

"நிக்கட்டும். எடுக்கச் சொல்லுங்க."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். டிரைவர் முணுமுணுத்தபடி ஓரம் எடுத்தார். நடைபாதைக் கட்டின் மேல் நின்று அந்தப் பெண் ஊன்றுகோலை முதலில் வைத்தார், பிறகு ஒரு கால், பிறகு மற்றது. ஒருவரும் தொடவில்லை. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்க்கத் தொடங்கினார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போது எங்கே ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன். பொடியன்மார் எனக்குக் 'கட்டம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சண்டையில் நீ வென்றுவிட்டாய். தோற்றவள் நான் சொல்கிறேன், கேட்க நீதான் இல்லை.