சத்தமில்லாதவரிடம் முதலில்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி செயலாளர் சத்தியநேசன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் என் கணவர் சஜிக்கும், அவரோடு ஹெலிகாப்டரில் போகிற மருத்துவ உதவியாளர் ஷிஜுவுக்கும் பொன்னாடை போர்த்துகிறார்களாம். ஜூன் மாதம் விழிஞ்ஞத்துக்கு அப்பால் கவிழ்ந்த படகிலிருந்து மூன்று பேரை உயிரோடு தூக்கியதற்காக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சஜி பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றில் தொங்கிக் கடலில் இறங்கி ஆளைத் தூக்குகிற மனிதர். அன்றிலிருந்து லீவில் வீட்டில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் 'ம்'. ஆனால் தெருவில் மீன்காரி கூவினால் எழுந்து நின்றுவிடுகிறார்.

முன்பு இப்படியா? மகள் ஸ்நேகா விழுந்து அலறினால், "கத்துறாள்லா? அப்ப ஒண்ணும் இல்ல" என்று தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளை அழுகிறது, உட்கார்ந்து தின்கிறீர்களே என்று நான் சண்டைக்குப் போவேன். எவ்வளவு நல்ல சண்டை அது.

ஆகஸ்ட் 6

சர்ச் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். தலை சஜியுடையது. உடம்பு எந்த நாட்டுக்காரனுடையதோ.

ஆகஸ்ட் 8

ஷிஜு வந்திருந்தார். சஜி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷிஜு அடுக்களையில் நின்றபடி என்னிடம் சொன்னார்.

"மூணு பேரை ஏத்தியாச்சு அக்கா. பின்ன ரெண்டு பேருதான் தண்ணில. ஒருத்தர் கைய வீசி விளிச்சிட்டே இருந்தாரு. மற்றவரு சும்மா மெதந்தாரு. எங்களுக்குப் படிப்பிச்சுத் தந்தது இதுதான். விளிக்கிறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமில்லாதவன்கிட்ட முதல்ல போணும். அண்ணன் சரியாத்தான் செஞ்சாரு."

மிதந்தவரைத் தூக்கிவந்தார். அவருக்கு எப்போதோ உயிர் போயிருந்தது. ஷிஜு விடாமல் நெஞ்சை அமுக்கியிருக்கிறார். சஜி மறுபடி இறங்கியபோது, கூப்பிட்ட மனிதர் அங்கே இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

சரியாகச் செய்தார். அதுதான் கொடுமை. தப்புச் செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம். இதற்கு யாரிடம் போய் என்ன கேட்பது?

ஆகஸ்ட் 11

ஸ்நேகா குளியலறையில் பல்லியைப் பார்த்துக் கத்தினாள். சஜி கட்டில் காலில் இடித்துக்கொண்டு ஓடினார். "எங்க? எங்க?" — கண் எங்கோ பார்க்கிறது, பிள்ளை முன்னாலேயே நிற்கிறாள். பல்லியைவிட அப்பாவின் முகத்துக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

ஆகஸ்ட் 14

ஆரியசாலையில், நான் வேலை பார்க்கும் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது சத்தியநேசன் போன் செய்தார். "ஒரு சர்ப்ரைஸ் உண்டு, பிரிஸில்லா. அந்தப் படகுல போயி உடம்புகூடக் கெடைக்காத ஆளோட பெண்டாட்டி, ஜெஸ்லின்னு பேரு, அவதான் சஜிக்குப் பொன்னாடை போடப்போறா."

அப்படியென்றால், கை வீசிக் கூப்பிட்ட மனிதரின் மனைவி.

"சார், அவரைக் காப்பாத்த முடியலையே சார்."

"அதுக்கென்ன? அவ வாறேன்னு சொல்லியாச்சு. பாக்கிற எல்லாருக்கும் கண்ணு நிறையும்."

இவர்களுக்குக் கண் நிறைய வேண்டும். அதற்கு அவள் வர வேண்டும். என்ன ஜென்மங்களோ.

சஜியிடம் சொன்னேன், போக வேண்டாம் என்றும் சொன்னேன். "வரட்டும்" என்றார். 'ம்' அல்லாத ஒரு வார்த்தை. முட்டாள் மாதிரி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஆகஸ்ட் 15

ஷிஜுவுக்குப் போர்த்தினார்கள். பிறகு ஜெஸ்லின் மேடையேறினாள். சின்னப் பெண். கழுத்து வெறுமையாக இருந்தது. நான் முதல் வரிசையில் இருந்ததால் கேட்டது.

"அவரு கடைசியா எதாவது சொன்னாராண்ணே?"

'இல்லை' என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். இந்த மனிதருக்குப் பொய் வராது.

"கைய வீசி விளிச்சாரு. நான் மற்ற ஆளுகிட்ட போனேன்."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு" என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. பொன்னாடையைப் போர்த்தி, தோளில் சுருக்கத்தைக்கூட நீவிவிட்டு இறங்கினாள். மைக்குக்கு எதுவும் எட்டவில்லை. கூட்டம் கை தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

ஆகஸ்ட் 17

'ம்' கூட இல்லை.

ஆகஸ்ட் 27

மறுபடி தண்ணீரில் இறங்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஷிஜு கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "அண்ணன் இல்லாம நான் யாருக்கு வைத்தியம் பாக்க? தூக்கித் தர ஆள் வேண்டாமா?" சஜி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஷிஜு போனதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவ்வளவுதான். இனி இவரை நான் எங்கே போய்த் தேடுவேன், கர்த்தாவே.

செப்டம்பர் 4

ஓண லீவு. ஸ்நேகா வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. இரண்டு வாரமாகவே அமைதிதான். பிள்ளை சமர்த்தாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் குந்தியிருந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் கணுக்கால்வரை வந்திருந்தது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, சத்தம் இல்லை.

"ஏம் பிள்ளே, அம்மாவ விளிக்கக் கூடாதா?"

கையை எடுக்காமலே சொன்னாள்.

"அப்பாவுக்குக் கேட்டிரும்மா."